பத்து நாள் மிஷின்

உடம்புக்குள் ஊசி போனால் அது போன இடத்தில் நிற்காது. ரத்தத்தோடு ஓடும். ஓடி ஓடி ஒரு நாள் நெஞ்சில் குத்தும். நம்ம வயசுக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தான் வளர்த்தார்கள். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். நீங்கள் கேட்டுவிட்டு விளையாடப் போயிருப்பீர்கள். நான் அந்த ஊசியோடு ஆறு நாள் இருந்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. ஐப்பசி மழை. மில்லைப் பூட்டி நாலு மாசம் ஆகியிருந்தது. அப்பா அங்கே தறி ஓட்டினவர். சங்கு ஊதவில்லை என்றாலும் அதே நேரத்துக்கு எழுந்து குளிப்பார். காக்கி கால்சட்டையைப் போடுவார். வாசப்படியில் உட்கார்ந்து மில் பக்கமே பார்ப்பார். அம்மா ஒரு தையல் கடைக்குக் கொக்கி தைத்துக் கொடுத்தாள், காஜா எடுத்தாள். பொத்தான் ஓட்டைக்குக் கையால் நூல் சுற்றுவதுதான் காஜா. அந்த வேலையில் கண்ணில் தண்ணி வரும், சோறு முழுசாக வராது.

அக்காவுக்குப் பதிமூணு. எட்டாவது படித்தாள். மில்லில் அப்பாவுக்கு மேலே ஒரு மேஸ்திரி. அவர் மகள் மெட்ராசில் பிள்ளை பெற்றிருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு ஒரு பெண் வேணும், தீபாவளிக்கு முன்னால் உன் பெரியவளை அனுப்பு என்று அப்பாவிடம் கேட்டிருந்தார்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் மிஷின் போட்டுத் தைக்கிறேன். தீபாவளிக்கு ஜாக்கெட்டு வரும். அதுக்கப்புறம் பொங்கலு. அவ எங்கயும் போவ வேணாம்."

"மிஷினு எங்கேந்து வருது? மரத்துல காய்க்குதா?"

"பழசு ஒண்ணு இருக்காம்."

கடலோரத் தெருவில் ஒரு பெரிய வீடு. வீட்டுக்கார அம்மா செத்து ஆறு மாசம். எல்லாரும் மதாம் என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரி இல்லை, நம்ம ஊர்ப் பெண்தான். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் அந்தப் பேர். வீட்டைக் காத்துக்கொண்டு, சமையல் பார்த்த கிழட்டுக் குசினிக்காரர் ஒருத்தர்தான் இருந்தார். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"புள்ள பிரான்சுல. எல்லாத்தையும் வித்துடுன்னு கடுதாசி போட்டுட்டாரு" என்றார். "கட்டிலு போயிடுச்சி. பீரோ போயிடுச்சி. நானும் இந்த மிஷினுந்தான் பாக்கி. என்ன யாரும் கேக்க மாட்றாங்க."

அம்மா சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

கால் மிஷின். கறுப்பு. மேலே தங்க நிறத்தில் கொடி ஓடும். கை வைக்கிற இடத்தில் மட்டும் கொடி தேய்ந்து வெறும் கறுப்பாக இருந்தது. இழுப்பறையைத் திறந்தால் எண்ணெயும் அந்துருண்டையும் கலந்த வாசனை. உள்ளே பிஸ்கட் டப்பா ஒன்று. அது நிறைய ஊசி. அம்மா உட்கார்ந்து மிதித்தாள். சின்ன வயசில் கன்னியாஸ்திரி மடத்துத் தையல் கிளாசில் கற்றது. கால் மறக்கவில்லை.

குசினிக்காரர் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மதாமுக்குக் கடைசி ரெண்டு வருஷம் இடது கை வுழுந்துடுச்சி. தொங்கிக்கிட்டே இருக்கும். அப்பவும் காலையில இது முன்னாடி வந்து உக்காருவாங்க. கால் மிதிக்கும். துணியும் இருக்காது, நூலும் இருக்காது. சும்மா ஓடும்."

நான் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

பேச்சு இப்படி முடிந்தது. பத்து நாள் எங்கள் வீட்டில் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். சரிப்பட்டால் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். சரிப்படாவிட்டால் பத்தாம் நாள் காலையில் வண்டி வந்து எடுத்துப் போகும்.

தள்ளுவண்டியில் சாக்குப் போர்த்தி மிஷின் வந்தது. அத்தை பக்கத்து வீடு. அப்பாவுக்கு மூத்தவள். மஞ்சள் தண்ணியோடு வந்து நின்றாள். மிஷினை மேலே கீழே துடைத்தாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள்.

"செத்த வூட்டு சாமான். ரத்தம் மட்டும் பாக்கக் கூடாது. ஒரு சொட்டு பாத்துடுச்சின்னா அன்னிக்கே வெளிய தள்ளிடணும். இல்லன்னா ஆள எடுத்துக்கும்."

"மிஷினுல எதுக்கு அண்ணி ரத்தம் வருது?"

"அத உன் சின்னப் பொண்ணப் பாத்து சொல்லு. கை சும்மா இருக்காது அதுக்கு."

அப்பா தலையை ஆட்டினார். "ஆமா. அப்படி எதுனா ஆச்சின்னா அன்னிக்கே அனுப்பிடுவேன்."

முதல் நாளிலிருந்தே அப்பா மிஷினில் குறை கண்டுபிடித்தார். நூல் அறுக்கிறது. சத்தம் அதிகம். பெல்ட் போய்விடும். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். எண்ணெய் விட்டாள், திருகை இறுக்கினாள், நூல் அறுவது நின்றது. மூணாம் நாள் அப்பா சொன்னார்: "ஜாக்கெட்டு சரி. கெட்டித் துணி ஏறுமா? பள்ளிக்கூடத்து நிஜார்னு ஒருத்தன் கொண்டாந்தா என்ன பண்ணுவ?"

அம்மா நூல்கண்டை எடுத்து நூல் கோக்க ஆரம்பித்தாள். இந்த ஒரு கேள்வியால் அக்கா போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அன்றைக்கு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. கொடியில் அப்பாவின் இன்னொரு காக்கி கால்சட்டை காய்ந்தது. எடுத்தேன். நாலாக மடித்தேன். ஊசிக்குக் கீழே வைத்தேன். நின்றுகொண்டேதான் மிதித்தேன். உட்கார்ந்தால் கால் எட்டாது. ஏறும், ஏறிவிட்டால் அப்பாவிடம் காட்டலாம். அவ்வளவுதான் என் யோசனை.

நாலு தையல் ஏறியது. அஞ்சாவதில் டக் என்றது. இடது கை ஆள்காட்டி விரலில் சூடாக ஒன்று. பார்த்தால் ஊசி பாதிதான் இருந்தது. விரலில் ஒரு புள்ளி ரத்தம்.

ஒரு சொட்டு துணியில் விழுந்தது. மிஷின் பலகையில் இன்னொன்று.

பாவாடையால் துடைத்தேன். பலகையை எச்சில் தொட்டு மறுபடி துடைத்தேன். உடைந்த ஊசியைக் கழற்றிச் சாக்கடையில் போட்டேன். டப்பாவிலிருந்து வேறு ஊசி எடுத்துப் போட்டேன். அம்மா போடுவதைப் பார்த்திருந்தேன். கால்சட்டையில் ஏறின தையலைப் பிரித்து, கறை பட்ட இடத்தைக் கசக்கிக் கொடியில் போட்டேன். எல்லாம் சரியாக்கிவிட்டு முனையைத் தேடினேன். தரையைத் தடவினேன். துணியை உதறினேன். மிஷினுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன்.

இல்லை. அப்படியானால் உள்ளே இருக்கிறது.

ஒரு தையல்காரர் மனைவியின் கதையை அத்தை அடிக்கடி சொல்வாள். காலில் ஊசி ஏறிப் பத்தாம் நாள் நெஞ்சில் குத்திச் செத்துப்போனாளாம். நான் விரலை விட்டு நாளை எண்ணினேன். ஊசி ஏறியது மூணாம் நாள். எனக்குப் பதிமூணாம் நாள். மிஷின் முடிவு பத்தாம் நாள். நான் சாவதற்கு முன்னாடியே மிஷினை வாங்கிவிடுவார்கள். அக்கா இருப்பாள். சொல்லாமல் இருந்தால் போதும்.

இப்போது எழுதும்போது இது பைத்தியக்காரக் கணக்காக இருக்கிறது. அப்போது எனக்கு வேறு கணக்கு தெரியாது.

பாம்பு கடித்தால் மேலே கட்டுவார்கள் இல்லையா, அதே மாதிரி விரலடியில் நூல் சுற்றி இறுக்கினேன். அம்மாவின் காஜா நூல்தான். லேசில் அறுந்துபோகாது. வலி தாங்க முடியாதபோது தளர்த்துவேன். தளர்த்தின உடனே ஊசி கிளம்பிவிட்ட மாதிரி இருக்கும். திரும்ப இறுக்குவேன். கையைத் தூக்கினால் ஊசி சுலபமாகக் கீழே நெஞ்சுக்கு இறங்கிவிடும் என்று கையைத் தொங்கவே விட்டிருந்தேன். ஓடவில்லை. ஓடினால் ரத்தம் வேகமாகப் போகும். சிரிக்கவில்லை. இருமல் வந்தால் அடக்கினேன். படுத்தால் நெஞ்சைக் கேட்டுக்கொண்டே படுப்பேன். டக், டக் என்று அடிக்கும். ஒவ்வொரு அடியும் அதுதானோ என்று இருக்கும்.

அம்மா கவனிக்கவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வாரம்தான் தெருக்காரர்கள் மிஷின் வந்ததைப் பார்த்துவிட்டு ஜாக்கெட் துணியோடு வந்தார்கள். நாலு வந்தது, அப்புறம் ஏழு. அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்து கொக்கி தைத்தாள். "அம்மா, இந்த மிஷினு உனக்கு சக்களத்தி மாதிரி. நாள் பூரா அது கூடவே சண்டை போடுற" என்பாள். அம்மா ஸ்கேலால் அடிக்க வருவாள். அந்தச் சத்தமெல்லாம் எனக்குத் தூரத்தில் கேட்கும்.

எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. அத்தைதான் முதலில் பார்த்தாள். "ஏய், கைய ஏன் தொங்கப் போட்டிருக்க? தூக்கு."

"மாட்டேன்."

"தூக்குடீ."

அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். நான் கத்தின கத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அத்தை கையை விட்டுவிட்டாள். அது பழையபடி தொங்கியது. கையை மூடிப் பாவாடை மடிப்பில் வைத்திருந்தேன். விரலை யாரும் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தார்கள்.

"இடது கை" என்றாள் அத்தை. மெதுவாகத்தான் சொன்னாள். "அந்த மதாமுக்கு எந்தக் கை வுழுந்துதுன்னு சொன்ன?"

மிதித்துக்கொண்டிருந்த அம்மா காலை எடுத்துவிட்டாள். சக்கரம் தானாக ரெண்டு சுற்று சுற்றி நின்றது.

ஒன்பதாம் நாள் காலையில் அத்தை மந்திரிக்கிறவரை அழைக்கப் போனாள். அம்மா தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்கப் போனாள். அக்கா பள்ளிக்கூடம். அப்பா வாசப்படியிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாவாடை மடிப்பிலிருந்து கையை எடுத்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். ஆள்காட்டி விரல் நாவற்பழம் மாதிரி இருந்தது.

"எத்தன நாளா?"

"மூணாம் நாள்லேந்து."

"என்னா உள்ள?"

"ஊசி."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மிஷின அனுப்பிடுவ. அக்கா போயிடும்."

அப்பா நூலை அவிழ்க்கப் பார்த்தார். சதைக்குள் போயிருந்தது. சைக்கிளில் முன்கம்பியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் மழை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அம்மா நூலை வெட்டினார். விரலைக் கீறினார். இடுக்கியால் எதையோ எடுத்து அப்பா உள்ளங்கையில் வைத்தார். கடுகு அளவு இருந்தது.

"இவ்வளவுதான். இதுக்கா?" என்றார் நர்ஸ்.

"நெஞ்சுக்குப் போவாதா?" என்று கேட்டேன்.

"எங்கயும் போவாது. குத்துன எடத்துலயேதான் கெடந்துது. நீ கட்டுன நூலுதான் வெரல எடுத்திருக்கும். எந்தப் புத்திசாலி சொன்னது உனக்கு?" அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பி வரும்போது எனக்கு உடம்பு லேசாக இருந்தது. சாக மாட்டேன். மிஷின் மேலே குத்தமில்லை. அதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். பெரிய வாய்க்கால் ஓரம் அப்பா சைக்கிளை நிறுத்தினார். காலை ஊன்றிக்கொண்டே நின்றார். மழைத் தண்ணி கறுப்பாக ஓடியது. உள்ளங்கையில் வைத்திருந்த முனையை அதில் போட்டார்.

"வூட்ல ஊசின்னு சொல்லாத. வெரல்ல கட்டின்னு சொல்லு."

"அப்போ மிஷினு?"

"மேஸ்திரிகிட்ட வாக்கு குடுத்துட்டேன். மில்லு தொறந்தா மொத ஷிப்டுலயே என் பேரு எழுதறேன்னு சொல்லியிருக்காரு. பொண்ண அனுப்பலன்னா எழுத மாட்டாரு." என்னிடம் சொல்லவில்லை. வாய்க்காலைப் பார்த்துச் சொன்னார். "மிஷினு வூட்ல இருந்தா உங்கம்மா அவள வுட மாட்டா. நான் என்னான்னு அவருகிட்ட சொல்றது?"

யாராவது கேட்டுவிட்டார்களா என்று ரோட்டின் ரெண்டு பக்கமும் பார்த்தார். ஊசிக்குப் பயந்ததைவிட அந்தப் பார்வைக்கு அதிகமாகப் பயந்தேன். அப்பா பயப்படுவார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வீட்டில் அம்மா ஓடிவந்தாள். "என்னா சொன்னாங்க?"

"அவங்களுக்கே ஒண்ணும் புரியல. கட்டின்னு கீறி வுட்டாங்க. உன் அண்ணி சொல்றதுதான் எனக்கும் சரின்னு படுது."

அம்மா என் முன்னால் குந்தினாள். முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். "உண்மைய சொல்லு. அந்த மதாமு உன் கண்ணுக்குத் தெரிஞ்சாங்களா?"

அப்பா அம்மாவுக்குப் பின்னால் நின்றார். கண்ணைக் காட்டவில்லை, மிரட்டவில்லை. சும்மா நின்றார்.

நான் தலையை ஆட்டினேன். தெரிந்தார்கள் என்று ஆட்டினேன்.

பத்தாம் நாள் வண்டி வந்தது. குசினிக்காரரும் கூட வந்தார். அம்மா மிஷினைத் துடைத்துக் கொடுத்தாள். காரணத்தைக் கேட்டுவிட்டு அவர் சாக்கை எடுத்து மிஷின்மேல் போர்த்தினார். "மதாம் அப்படியெல்லாம் வர மாட்டாங்கம்மா. உயிரோட இருந்தப்பவே ஒருத்தர் வூட்டுக்குப் போனதில்ல" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அக்கா போனாள். பஸ் ஸ்டாண்டில் மேஸ்திரி ஒரு மஞ்சள் பையோடு நின்றார். அக்கா என் கட்டுப் போட்ட விரலைத் தட்டினாள். "அந்த மதாமு உன்னப் புடிச்சதுக்கு என்னப் புடிச்சிருக்கலாம். நான் போவாம இருந்திருப்பேன்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஊசி எங்கேயும் போகாது என்று அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா பக்கத்தில் இருந்தார். மூடிக்கொண்டேன். பஸ் காலாப்பட்டு ரோட்டில் திரும்பும்வரை அவள் கை ஜன்னலில் தெரிந்தது.

பொங்கல் கழித்து மில் திறந்தார்கள். பாதிப் பேரைத்தான் எடுத்தார்கள். அப்பாவை எடுத்தார்கள். மேஸ்திரியை எடுக்கவில்லை. பேர் எழுதினது வேறு யாரோ. அப்பா பயந்தது அதிகாரம் இல்லாத ஒருத்தருக்கு. அதற்கு அப்புறமும் அக்காவைத் திருப்பி அழைத்துவர அவருக்கு வாய் வரவில்லை. அழைத்தால் ஏன் அனுப்பினோம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அம்மா சாகிறவரை முடிந்தமட்டும் கடலோரத் தெருப்பக்கம் போகவில்லை. போக நேர்ந்து மதாம் வீட்டு மதில் வந்தால் எதிர் ஓரம் நடப்பாள். என்னால் அவள் செத்தவளுக்குப் பயந்தே வாழ்ந்தாள்.

அக்கா மெட்ராசிலேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணமாகி, புருஷன் போனபிறகு மகனோடு எங்கள் ஊர்த் தட்டாஞ்சாவடிக்கு வந்தாள். அவனுக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை. வந்து மூணு வருஷம். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் சண்டே மார்க்கெட் போனோம். நைட்டி வாங்கத்தான் போனோம். ரோட்டோரத்தில் பழைய சாமான் போட்டிருந்தான் ஒரு பையன். நடுவில் ஒரு கால் மிஷின்.

அக்கா நின்றுவிட்டாள். சக்கரத்தைக் கையால் சுற்றினாள்.

"நல்லா ஓடுது ஆன்ட்டி. அந்தக் காலத்து இரும்பு. மிதிச்சிப் பாருங்க" என்றான் பையன்.

"பத்து நாள் வூட்ல வெச்சிப் பாத்துட்டு சொல்லட்டா?" என்றாள் அக்கா.

"ஆன்ட்டி, இது சண்டே மார்க்கெட்டு. அடுத்த சண்டே நான் இந்த எடத்துல இருப்பனான்னே தெரியாது."

அக்கா சிரித்தாள். என்னைப் பார்த்தாள். "வாங்கட்டுமா? நீ சொல்லு. மறுபடியும் உன்னப் புடிச்சிக்காதுல்ல?"

வேணாம் என்று சொல்ல நூறு காரணம் வாயில் வந்தது. பெல்ட் போய்விடும். ஊசி கிடைக்காது. இந்த வயசில் கால் வலிக்கும். வேணாம் என்று சொல்லிவிட்டால் அப்படியே நைட்டிக் கடைக்குப் போய்விடலாம். அங்கேயே நின்று சொன்னேன். ஊசி, நூல், வாய்க்கால், நான் தலையை ஆட்டினது. எல்லாம். நடுவில் பையன் வேறு ஆளிடம் இஸ்திரிப்பெட்டி விற்றான்.

அக்கா சக்கரத்தில் வைத்த கையை எடுக்கவில்லை.

"அப்பா மாசத்துக்கு ஒருவாட்டி மெட்ராசுக்கு வருவாரு" என்றாள். "கேட்டுக்கு வெளியவே நிப்பாரு. உள்ள வான்னா வர மாட்டாரு. என் கையில முறுக்குப் பொட்டலம் குடுத்துட்டு காலப் பாத்துக்கிட்டே நிப்பாரு. அந்த வூட்டுக்காரங்களுக்கு பயப்படறாருன்னு நெனச்சேன்."

அவள் அழவில்லை. என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். முந்தானையிலிருந்து பணத்தை எடுத்துப் பையனிடம் கொடுத்தாள். பேரம்கூடப் பேசவில்லை.

"ஆட்டோ கூப்புடு" என்றாள் என்னிடம். "என் மருமவ வூட்ல எடம் இல்ல. உன் வூட்லதான் இருக்கணும்."

இப்போது என் வீட்டு ஜன்னலோரம் இருக்கிறது. நான் தொடுவதில்லை. பக்கத்தில் பெருக்கக்கூட அக்காவைத்தான் விடுகிறேன். புதன்கிழமை பஸ் ஏறி வருவாள். காபி குடிப்பாள். உட்கார்ந்து தலையணை உறை தைப்பாள். யாருக்கு என்று கேட்டதில்லை. நான் அடுப்படியில் இருப்பேன். சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றுமில்லை. நின்றால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பேன். நூல் மாற்றிக்கொண்டிருப்பாள்.